இரண்டாவது பூசணிக்காய்

ஏதோ ஒரு படப்பிடிப்பில் விபத்து என்று போன மாதம் டிவியில் செய்தி ஓடியது. அதற்கு இரண்டு நாள் கழித்து எங்கள் ஜெனரேட்டர் ஆப்பரேட்டர்கள் சங்கத்தின் செயலாளர் கோயமுத்தூர் சிங்காநல்லூரில் என் வீட்டைத் தேடி வந்தார். ஆண்டு மலரில் பாதுகாப்பைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமாம். எனக்கு இடது காது கேட்காது என்று தெரிந்து வலது பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க எழுதுனாத்தானுங்க சரியா இருக்கும். அந்தக் கோபி ஷூட்டிங்ல அத்தன பேர் நின்னப்பவும் வேண்டாம்னு சொன்னது நீங்க ஒருத்தர் தானுங்களே. அதையே எழுதிக் குடுங்கண்ணா. விழாவுல ஒரு பொன்னாடையும் போத்தறோமுங்க."

சரி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டில் நான் ஒருத்தன்தான். மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது, மகன் பெங்களூரில் இருக்கிறான், எழுதுவதற்கு நேரம் கொட்டிக் கிடக்கிறது. வேண்டாம் என்று நான் சொன்னது உண்மைதான். சொன்னதற்குப் பிறகு என்ன செய்தேன் என்பதை மட்டும் இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. மனைவியிடம் கூடச் சொல்லவில்லை. இதை மலரில் போடுவார்களா மாட்டார்களா என்பது அவர்கள் இஷ்டம்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மில்லில் பதினோரு வருஷம் வயர்மேனாக இருந்தேன். மில் மூடியது. லாரி மேல் ஜெனரேட்டரை ஏற்றி வாடகைக்கு விடுகிற ஒரு முதலாளியிடம் போய்ச் சேர்ந்தேன். முதலில் கல்யாணம், கட்சி மாநாடு என்று ஓடிய வண்டிகள் தொண்ணூறுகளில் சினிமாவுக்கு ஓட ஆரம்பித்தன. பொள்ளாச்சிக்கும் கோபிக்கும் மெட்ராஸ் கம்பெனிகள் மாற்றி மாற்றி வந்துகொண்டிருந்த காலம். எந்த வரப்பில் போய் நின்றாலும் குடையும் டிராலியுமாக யாராவது நின்றிருப்பார்கள்.

சினிமாவில் வேலை என்றால் எல்லோரும் நடிகைகளைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் பார்த்ததெல்லாம் வோல்ட் மீட்டரும் ஆம்ப் மீட்டரும்தான். சத்தம் கேட்கக் கூடாது என்று ஜெனரேட்டர் வண்டியை இருநூறு முந்நூறு அடி தள்ளி, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாலோ புளியமரத்துக்கு அடியிலோ நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். காலையில் ஏறி நின்றால் பொழுது சாயும் வரை அந்த இரைச்சலோடுதான் குடித்தனம். பேச்சுத் துணை கிடையாது. யாராவது வந்தாலும் பேசுவது காதில் விழாது. லைட்மேன் தூரத்தில் நின்று ஒரு கையைத் தூக்கினால் கரண்ட் கொடு என்று அர்த்தம், இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்தால் நிறுத்து என்று அர்த்தம். அதற்கு மேல் எனக்கும் சினிமாவுக்கும் பேச்சுவார்த்தை இருந்ததில்லை.

எங்கள் ஃபோர்மேன் கரீம் பாய், கோட்டைமேட்டுக்காரர். ஆள் ஒல்லி, காக்கிச் சட்டையில் மேல் பட்டன் வரை போட்டிருப்பார். யாரையும் ஒருமையில் அழைத்ததில்லை. கோபம் வந்தால் மரியாதை இன்னும் ஒரு படி கூடும். கேபிள் இழுத்து முடித்ததும் வருவார். எர்த் எல்லாம் கொடுத்தாச்சா என்று கேட்பார். கொடுத்தாச்சுங்க என்றால் விடமாட்டார்.

"கையில பாத்தீங்களா, கண்ணுல பாத்தீங்களா?"

ஒவ்வொரு இணைப்பையும் கையால் இழுத்துப் பார்த்தோமா, நடந்துபோகும்போது கண்ணால் மட்டும் பார்த்தோமா என்று கேட்கிறார். கண்ணால் என்று சொல்லிவிட்டால் திட்டமாட்டார். "அப்ப சித்த இருங்க, நானும் வாரேன்" என்று சொல்லி, வண்டியிலிருந்து கடைசி லைட் வரை நம்மையும் கூட்டிக்கொண்டு நடப்பார். ஒவ்வொரு லைட்டின் கீழும் குந்தி உட்கார்ந்து நட்டைத் திருகிப் பார்ப்பார். மொத்த யூனிட்டும் காத்திருக்கும். டைரக்டர் கத்துவார். பாய் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். ஒரு தடவை இப்படி நடந்துவிட்டால் பிறகு ஜென்மத்துக்கும் கையால்தான் பார்ப்போம்.

எர்த் லைன் என்பது என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். லைட்டுக்குக் கரண்ட் கொண்டுபோகிற கேபிள்கள் தடியானவை. அதோடு தனியாக ஒரு செம்பு ஒயர், வண்டியிலிருந்து ஒவ்வொரு லைட்டின் இரும்பு உடம்புக்கும் போகும். உள்ளே எங்காவது கரண்ட் கசிந்து இரும்பில் ஏறினால், அந்த ஒயர் வழியாகத் திரும்பி வந்து வண்டியில் ஃபியூஸ் போய்விடும். தொடுகிற ஆள் தப்பித்துக்கொள்வான். அதில் ஒரே ஒரு தொந்தரவு உண்டு. எர்த் இல்லாவிட்டாலும் லைட் நன்றாக எரியும். எரிகிற லைட்டைப் பார்த்து அது இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

வேலுச்சாமியைப் பற்றியும் சொல்லவேண்டும். பவானிக்காரர், மெட்ராஸ் போய் லைட்மேன் ஆனவர், முப்பத்திரண்டு முப்பத்து மூன்று வயதிருக்கும். இந்தப் பக்கம் ஷூட்டிங் என்றால் ஊருக்கு வந்த மாதிரி சந்தோஷமாக இருப்பார். மத்தியானம் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வண்டியை விட்டு நான் நகர முடியாது. வேலு இரண்டு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, குழம்பு தளும்பாமல் வரப்பு மேல் நடந்து வருவார். அந்த இரைச்சலில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடுவோம். அவர் உதட்டை அசைத்து எதையோ சொல்வார், நான் புரிந்த மாதிரி தலையாட்டுவேன், எனக்குப் புரியவில்லை என்று தெரிந்துகொண்டு அவர் சிரிப்பார். பத்துப் பதினைந்து வருஷ சினிமா வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே சிநேகிதம் அதுதான்.

அந்தப் படம் கோபிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் நடந்தது. கடைசி நாள், மழைக் காட்சி. டாங்கர் லாரியிலிருந்து குழாய் போட்டு மேலே துளைக்குழாய் கட்டி மழை பெய்ய வைத்தார்கள். வாசல் முழுக்கச் சேறு. கரீம் பாய் அன்றைக்குப் பொள்ளாச்சியில் வேறு வண்டியோடு இருந்தார், இங்கே பொறுப்பு எனக்கு. மழைக் காட்சி என்பதால் காலையிலேயே எல்லா இணைப்பையும் இரண்டு தடவை கையால் இழுத்துப் பார்த்தேன். லைட்டுகளுக்கு மேல் தார்ப்பாய் கட்டச் சொன்னேன். மத்தியானம் வரை ஒரு குறையும் இல்லை.

ஐந்து மணி வாக்கில் கடைசி ஷாட் ஓகே ஆனது. படம் முடிந்தால் பூசணிக்காய் உடைப்பது சினிமாவில் மாறாத வழக்கம். காயின் மேல் கற்பூரம் ஏற்றி, கேமராவுக்கும் ஆட்களுக்கும் சுற்றி, தரையில் போட்டு உடைப்பார்கள். உடைத்துவிட்டால் படம் முடிந்தது என்று அர்த்தம், அதற்குப் பிறகு அங்கே யாரும் ஒரு அடி ஃபிலிம் ஓட்டமாட்டார்கள். எங்களுக்கும் அதுதான் கணக்கு. பூசணிக்காய் உடைவதைப் பார்த்ததும் மெயினை நிறுத்திவிட்டு ஒயரைச் சுற்ற ஆரம்பிப்போம். முதலில் சுற்றுவது எர்த் லைனைத்தான். அது லேசானது, செம்பு என்பதால் திருட்டும் அதிகம். தடி கேபிள்களை இழுக்க நாலு ஆள் வேண்டும், அதைக் கடைசியில்தான் தொடுவோம். அன்றைக்கும் எர்த் லைன் முழுவதையும் சுற்றி வண்டியில் ஏற்றிவிட்டேன்.

தடி கேபிளைக் கழற்ற வாசலுக்குத் திரும்பியபோதுதான் புரொடக்ஷன் மேனேஜர் வேகமாக வந்தார். கதாநாயகனின் குளோசப் ஒன்று விட்டுப்போயிருக்கிறதாம். மறுநாள் அவருக்கு வேறு படம், இனி தேதி கிடைக்காது.

"ஒரே ஒரு ஷாட்டு. ரெண்டு லைட்டு போதும். கரண்ட் குடுங்க."

"எர்த் எடுத்தாச்சுங்க. திருப்பி இழுத்து மாட்டோணும்னா இருவது நிமிஷம் ஆகுமுங்க" என்றேன்.

"இருபது நிமிஷத்துல வெளிச்சம் போயிடும்யா. ரெண்டு நிமிஷத்துக்கு எதுக்கு எர்த்து?"

"மழைங்க. சேறா இருக்குதுங்க. வேண்டாமுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். டைரக்டரும் கேமராமேனும் லைட்மேன்களும் நின்றிருந்தார்கள். "நீ ஜெனரேட்டரப் பாரு. சினிமா எடுக்கறத நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

அத்தனை பேர் முன்னால் ஒருமையில் பேசிவிட்டார். பாய்கூட ஒரு நாளும் என்னை அப்படிப் பேசினதில்லை. எனக்கு முகம் சூடேறியது. நான் சொல்லவேண்டியதைச் சொல்லியாச்சு, இனி உங்கள் பாடு என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு வண்டிக்குத் திரும்பி, படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை இதுவரைக்கும்தான்.

ஆனால் ஷாட் உடனே எடுக்கப்படவில்லை. பூசணிக்காய் உடைத்த பிறகு கேமராவை ஓட்டினால் யாருக்காவது ஆகாது என்று லைட்மேன்கள் முரண்டு பிடித்தார்கள். கேமரா உதவியாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். மூத்த லைட்மேன் ஒருவர், திரும்பவும் ஒரு காயைச் சுற்றி உடைத்துவிட்டு எடுத்தால் தோஷம் இல்லை என்றார். அது எல்லோருக்கும் சம்மதமாக இருந்தது. வெள்ளைப் பூசணி அந்தத் தோட்டத்தில் இல்லை. கோபி மார்க்கெட்டுக்குக் கார் போனது.

கார் போய்த் திரும்ப இருபத்தைந்து நிமிஷம் ஆனது, வெளிச்சமும் அதுவரை போகவில்லை. வண்டியில் கடிகாரம் இருக்கிறது, டீசல் செலவை எழுத அதைப் பார்த்துக்கொண்டே இருப்பது எங்கள் பழக்கம், அதனால் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அந்த இருபத்தைந்து நிமிஷமும் எர்த் லைன் சுருள் என் காலடியில் கிடந்தது. நான் எழுந்திருக்கவில்லை. என்னை யாரும் தடுக்கவில்லை. இழுத்து மாட்டியிருந்தால் யாரும் எதுவும் சொல்லியிருக்கமாட்டார்கள், கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். எனக்கு ரோஷம். அந்த ஆள் வந்து கேட்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். நடுவில் வேலு இரண்டு கிளாஸில் டீ கொண்டுவந்து ஒன்றை என்னிடம் நீட்டினார். இன்ஜின் நின்றிருந்ததால் அன்றைக்கு அவர் பேசியது நன்றாகக் கேட்டது.

"விடுங்கண்ணா, அந்தாளு எப்பவும் அப்படித்தானுங்க. முடிச்சுப்போட்டு ராத்திரிக்கு பவானி போயிருவேன். நீங்களும் வாங்க, ஊட்டுல சாப்புட்டுட்டுப் போலாம்."

"எர்த் இல்ல வேலு. பாத்து" என்றேன். பாத்து என்று ஒரு வார்த்தை. அவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு நான் டீ குடித்தேன்.

கார் வந்தது. கற்பூரம் ஏற்றி, எல்லோருக்கும் சுற்றி, இரண்டாவது பூசணிக்காயை உடைத்தார்கள். லைட்மேன்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குழாயைத் திறந்து மழையை விட்டார்கள். வேலு தூரத்தில் நின்று ஒரு கையைத் தூக்கினார். நான் மெயினைப் போட்டேன்.

லைட்டைக் கொஞ்சம் கீழே சாய்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சேற்றில் வழுக்குகிறது என்று செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு வேலு ஸ்டாண்டைப் பிடித்திருக்கிறார். இதெல்லாம் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு வண்டியில் ஒன்றுமே தெரியவில்லை. இன்ஜின் சத்தம் ஒரே சீராக இருந்தது. மீட்டர் முள் அசையவில்லை. ஒரு மனுஷன் உயிரை எடுக்கிற கரண்ட் அந்த மெஷினுக்கு ஒரு கணக்கே இல்லை. ஆட்கள் ஓடுவதைப் பார்த்தேன். யாரோ இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்துக்கொண்டு ஓடி வந்தார். நிறுத்தினேன். கோபி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள்.

மறுநாள் பேப்பரில் கதாநாயகனின் படத்தைப் பெரிதாகப் போட்டு, படப்பிடிப்பில் மின்சாரம் பாய்ந்தது, நடிகர் உயிர் தப்பினார் என்று எழுதியிருந்தார்கள். லைட் தயாராகவில்லை என்று அவர் அப்போது காருக்குள் உட்கார்ந்திருந்தார். லைட்மேன் ஒருவர் இறந்தார் என்று கடைசி வரியில் இருந்தது, பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். ஒரு சினிமாப் பத்திரிகை பூசணிக்காய் உடைத்த பிறகு ஷாட் எடுத்ததால் வந்த வினை என்று இரண்டு பக்கம் எழுதியது. அது எல்லோருக்கும் பிடித்திருந்தது. இன்றைக்கும் லைட்மேன்கள் அந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். இரண்டாவது காய் உடைத்தது அந்தக் கதையில் வராது.

விடிந்ததும் பொள்ளாச்சியிலிருந்து பஸ் பிடித்துக் கரீம் பாய் வந்துவிட்டார். என்னிடம் ஒன்றும் கேட்காமல் வண்டியிலிருந்து அந்த லைட் வரைக்கும் தனியாக நடந்தார். லைட்டைத் திறந்து பார்த்தார். வயர் நுழைகிற இடத்தில் தண்ணீர் இறங்கியிருந்தது. வாசலில் கொஞ்ச நேரம் குனிந்து நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க தம்பி, ரெண்டு காய் ஒடஞ்சு கெடக்குதுங்களே."

"ஆமாங்க பாய்."

"ரெண்டாவது எங்கிருந்துங்க வந்துச்சு?"

"கோபியிலிருந்துங்க."

"போய்ட்டு வர எத்தன நேரமாச்சுங்க?"

நான் வண்டியில் கிடந்த எர்த் லைன் சுருளைப் பார்த்தேன். பாய் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். மறுபடி கேட்கவில்லை.

பத்து மணிக்கு மின் ஆய்வாளர் வந்து விசாரித்தார். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, எர்த் மாட்ட நேரம் இல்லை, ஆப்பரேட்டர் வேண்டாம் என்று சொன்னார், கேட்காமல் எடுத்துவிட்டோம். மேனேஜரே அப்படித்தான் சொன்னார், அந்த வகையில் அவர் மறைக்கவில்லை, காய்க்குக் கார் போய் வந்ததை மட்டும் யாரும் சொல்லவில்லை. என் முறை வந்தது.

"திருப்பி மாட்ட நேரம் இருந்துச்சா?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"இல்லைங்க" என்றேன்.

பாய் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. கோயமுத்தூருக்குத் திரும்புகிற வழியெல்லாம் வண்டியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம்.

அதற்குப் பிறகு அவரோடு ஆறு வருஷம் வேலை செய்தேன். ஒரு நாள்கூட என்னைக் கடிந்து பேசவில்லை. ரம்ஜானுக்கு எப்போதும் போல வீட்டுக்குப் பிரியாணி அனுப்பினார். ஆனால் கையில் பார்த்தீர்களா கண்ணில் பார்த்தீர்களா என்று மற்றவர்களிடம் கேட்பார், என்னிடம் கேட்கமாட்டார். நான் கேபிள் இழுத்து முடித்தால் பேசாமல் வந்து, அவரே முதல் நட்டிலிருந்து கடைசி நட்டு வரை திருகிப் பார்த்துவிட்டுப் போவார். கேட்கமாட்டாரா என்று ஆறு வருஷமும் காத்திருந்தேன். கேட்காமலே ஓய்வு பெற்றார், பிறகு காலமானார்.

எனக்கு ஃபோர்மேன் வேலை வந்தது. நான் போகிற படப்பிடிப்பில் எர்த் மாட்டாமல் ஒரு பல்பு எரியாது என்று பெயர் எடுத்தேன். ஒரு பெரிய டைரக்டரை முக்கால் மணி நேரம் காக்க வைத்திருக்கிறேன். எல்லோரும் என்னைக் கெட்டிக்காரன், நேர்மையானவன் என்றார்கள். மத்தியானம் தட்டோடு வண்டிப் பக்கம் யாராவது வந்தால் பசியில்லை என்று அனுப்பிவிடுவேன்.

விபத்து நடந்து ஒன்பது வருஷம் கழித்து ஒரு தடவை பவானிக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் பஸ் ஏறினேன். வேலுவின் மனைவி ஒரு ஜமக்காளப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு பெண் குழந்தை, அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தது. நான் யார் என்று சொன்னதும் அந்த அம்மணி பட்டறையிலிருந்து எழுந்து வந்து, வீட்டுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். நான் வாயைத் திறக்கும் முன்னால் அவரே பேசினார்.

"நீங்க ஒருத்தர் தான் வேண்டாம்னு சொன்னீங்கன்னு அவரு கூட வேல செஞ்சவங்க வந்து சொன்னாங்கண்ணா. நேரமில்லீனு அவங்க தான் கேக்கலையாமா. எப்படியாச்சும் ஒருக்கா உங்களப் பாத்துப்போடோணும்னு இருந்தனுங்க. அந்த எடத்துல அவருக்குன்னு பேசறதுக்கு ஒரு ஆளு இருந்துச்சேன்னு நெனச்சுக்குவேன். அது நெம்ப ஆறுதலுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தார். சாப்பிடாமல் போகக் கூடாது என்றார். வேலு அன்றைக்குச் சாப்பிடக் கூப்பிட்ட வீடு அதுதான். அந்த ஆறுதலைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை என்றுதான் இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அதுவும் பொய். நல்லவன் என்று நினைத்து அன்றைக்கு அவர் பார்த்த பார்வையை இழக்க எனக்கு மனசு வரவில்லை. இலை நிறையச் சோறு போட்டார். முழுவதையும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

செயலாளர் தம்பிக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பொன்னாடை வேண்டாம். மலர் அச்சானால் ஒரு பிரதியைப் பவானிக்கு அனுப்பிவையுங்கள், விலாசம் தனித்தாளில் வைத்திருக்கிறேன். அந்த அம்மணிக்கு எழுதப் படிக்க வராது, மகள் படித்துக் காட்டும்.

அம்மணி, அன்றைக்கு நேரம் இருந்தது. இருபத்தைந்து நிமிஷம் இருந்தது. உங்கள் வீட்டுக்காரர் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.